போறணைக்குள் நின்ற கட்டை

ஒரு பலாக் கட்டைதான் எங்கள் போறணையின் கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பன்னிரண்டு நாட்கள் நம்பினேன். நம்பியதோடு விடவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போதும் திரும்பி வரும்போதும் போறணை வாசலில் குனிந்து, உள்ளே இருட்டில் நிற்கும் அந்தக் கட்டையைப் பார்ப்பேன். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் சின்னதாக ஒரு கும்பிடும் போடுவேன். எனக்கு ஐம்பத்தொரு வயது. தோட்டத்தில் கேலிப் பேச்சுக்குப் பேர் போனவன்; பூசாரியையும் கங்காணியையும் விட்டுவைக்காத வாய். அந்த வாயைப் பொத்திக்கொண்டு ஒரு விறகுக் கட்டைக்குப் பக்தனாக இருந்த கதையை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

போறணை என்றால் பாண், அதாவது பேக்கரி ரொட்டி, சுடுகிற செங்கல் அடுப்பு. மேலே கவிழ்த்த சட்டி மாதிரி வளைந்த கூரை, முன்னால் ஒரு சின்ன வாசல், உள்ளே விறகு நெருப்பு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது என் மனைவியின் போறணை. எனக்கு அதில் உள்ள உரிமை, அதைப் பார்த்துப் பயந்தது மட்டும்தான்.

அவள் இருபத்தாறு வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். ஊரடங்கு போட்ட காலத்தில் பாண் வண்டி எங்கள் மலைக்கு ஏறவில்லை. அப்போது ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் மாவை வைத்து, மேலேயும் கீழேயும் தணல் போட்டு அவள் முதல் பாணைச் சுட்டாள். ஒரு பக்கம் கரி, இன்னொரு பக்கம் களி. நான் தின்று பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்கு அத்திவாரம் போடலாம்” என்றேன். அவள் தகரத்தைச் சுரண்டிக் கழுவினாள். மறுநாளும் சுட்டாள். மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் தட்டோடு வந்து நின்றார்கள். பிறகு சமையல் காஸ் இல்லாத வருடம் வந்தது. டவுன் பேக்கரிகளே கதவை மூடிக்கொண்டபோது அவளுடைய தகரம் ஓயவில்லை. தகரம் ஓட்டையானதும் பீப்பாய். பீப்பாயும் ஓட்டையானதும் ஒருநாள், சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

“ஏங்க, நான் பேர வெட்டிக்கலாம்னு இருக்கேன்.”

தோட்டத்தில் பேரை வெட்டிக்கொள்வது என்றால் பதிவில் இருந்து விலகிவிடுவது. ஒருமுறை வெட்டினால் பிறகு ஆபீஸ் வாசலில் நின்று எவ்வளவு கெஞ்சினாலும் பழைய இடம் கிடைக்காது. நான் ஏதாவது பகிடி சொல்லிப் பேச்சை மாற்றலாம் என்று பார்த்தேன்; அதற்குள் அவள் இன்னொரு அகப்பை சோறு போட்டுவிட்டாள். அடுத்த வாரம் பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும், நானா என்று எல்லாரும் கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணனிடமும் பேசிவிட்டிருந்தாள். நானாவின் கடையில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதன் மேல் தட்டில் டவுன் பாண்தான் எப்போதும் இருக்கும். நானா ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

“அண்டைக்கு விடிய டவுன்காரனுக்கு வரவேணாமெண்டு சொல்லிட்டன். மேல் தட்டு ஒங்கட ஊட்டுக்குத்தான் ஈக்கும்,” என்றார் என்னிடம். “ஆனா மச்சான், அண்டைக்கு அது வெறுமயா ஈந்தா, மறுபடி என்னால டவுன்காரன மாத்தேலாது. அவனும் மனிசன்தானே.”

ஆக, அவளிடம் இருந்தது ஒரு அலுமாரித் தட்டும் ஒரு திங்கட்கிழமையும். திரும்பிப் போக வேலை கிடையாது.

போறணையை நானே கட்டுவேன் என்றுதான் முதலில் சொன்னேன். காரணம், நான் தோட்டத்து ரப்பர் பெக்டரியில் புகையறைக்காரன். ரப்பர் சீட்டைக் கம்பியில் தொங்கவிட்டு, கீழே விறகைப் புகையவிட்டு, நாள் கணக்கில் காய வைக்கிற வேலை. இருபத்திரண்டு வருடம் நெருப்போடு இருந்தவனுக்கு ஒரு பாண் அடுப்பு எந்த மூலைக்கு? கொப்பித் தாளில் படம் போட்டேன். கோயில் விமானம் மாதிரி நாலடி உயரத்துக்குக் கூரை. உயரம் கூடினால் சூடு கூடும் என்பது என் சாஸ்திரம். ஆள் நுழைகிற அளவுக்கு வாசல். பின்னால் புகைபோக்கி. இரண்டு பக்கமும் இரண்டு சிங்கம்.

என் மனைவி அந்தப் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். பிறகு, கித்துல்கலயில் ஆற்றோரத்து ஹோட்டல் ஒன்றுக்குப் போறணை கட்டிக் கொடுத்த சிங்களக் கொத்தனார், மேசன் பாஸ், ஒருவரின் நம்பரை எடுத்து டெலிபோன் பண்ணினாள்.

பாஸுக்கும் என் வயதுதான். மெலிந்த ஆள். எங்கள் பக்கத்தில் வேலை செய்து செய்து தமிழ் பழகியிருந்தார். என்னை ‘அய்யே’ என்பார், அவளை ‘நங்கி’ என்பார். அண்ணன், தங்கச்சி மாதிரி. வந்ததும் இடத்தை அளப்பார் என்று நான் டேப்போடு தயாராக நின்றேன். அவர் இடத்தைப் பார்க்கவே இல்லை.

“நங்கி, இங்க நேரா நில்லுங்க. கைய மடக்குங்க.”

அவளுடைய முழங்கைக்கும் நிலத்துக்கும் இடையே ஒரு கம்பைப் பிடித்துக் கோடு போட்டார். போறணைத் தரை அந்த உயரத்தில் வர வேண்டுமாம். குனிந்தாலும் முதுகு போகும், எட்டினாலும் தோள் போகும். பிறகு நீளக் கைப்பிடி போட்ட பலகைத் துடுப்பு ஒன்றைக் கொடுத்து, பாண் தள்ளுகிற மாதிரி நீட்டச் சொன்னார். இடது பக்கம், வலது பக்கம், நேரே. துடுப்பு போய்ச் சேருகிற இடம்தான் போறணையின் கடைசிச் சுவர். ஐந்தடி வட்டம் வந்தது.

நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருடமாக அவளுடைய வாளியைத் தினமும் நிறுத்தார்கள். பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று கோல் விட்டுப் பார்த்தார்கள். அவளை வைத்து ஒன்றை அளந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் துடுப்பை நீட்டிக்கொண்டு, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என் படத்தையும் பாஸ் பார்த்தார். மரியாதையான மனிதர், சிரிக்கவில்லை.

“அய்யே, இது கோயிலுக்கு ஹரி, சரிதான். பாணுக்குச் சரியில்ல. சூடு மேல போய் உக்காந்துக்கும். பாண் கீழ குளுந்துபோய்க் கெடக்கும்.”

அவரிடம் எட்டு வெட்டு போட்ட ஒரு கம்பு இருந்தது. கூரையின் உச்சி எட்டாவது வெட்டுக்கு, வாசலின் உயரம் ஐந்தாவது வெட்டுக்கு. கூரை இரண்டடி என்றால் வாசல் பதினைந்து அங்குலம். எந்தப் போறணைக்கும் அதே கணக்கு.

“வாசல் ஒசந்தா சூடு எல்லாம் வெளிய ஓடும். தாழ்ந்தா நெருப்புக்கு மூச்சு முட்டும். எட்டுக்கு அஞ்சு.”

“யாரு வச்ச கணக்கு பாஸ் இது?”

“எனக்குத் தெரியாது அய்யே. எனக்கு வேல பழக்கின ஆளு சொன்னது. பழைய காலத்து வெள்ளக்காரன் ஊர்லயும் இதே மாதிரிதான்னு ஹோட்டல்ல சொன்னாங்க. நான் நம்பல. ஒரு எடத்துல எட்டுக்கு ஆறு கட்டிப் பாத்தேன். பாண் மேல வெள்ளயா வந்துச்சு. ஒடச்சிட்டுத் திரும்பக் கட்டினேன்.”

புகைபோக்கியையும் முன்னால் கொண்டுவந்துவிட்டார், வாசலுக்கு வெளியே, நெற்றியில். நெருப்பு பின்னால் எரிந்து, சூடு கூரையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்து, அந்த வாசல் விளிம்பில் குனிந்துதான் வெளியே போக வேண்டும். போகிற வழியெல்லாம் சூட்டைச் செங்கல்லிடம் கொடுத்துவிட்டுப் போகும். பின்னால் ஓட்டை போட்டால் எல்லாம் நேரே ஆகாயத்துக்குத்தான்.

“அப்ப சிங்கம்?” என்றேன்.

“சிங்கத்துக்கு யாரு அய்யே பாண் போடுறது?”

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு மாவுச் சல்லடையைத் தேடினாள். அங்கே சல்லடையே இல்லை.

கட்டின விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பயம் அங்கேதான் முளைத்தது. அவள் முழங்கை உயரத்துக்கு மேடை எழுப்பி, தரைக்கல் பரப்பி, அதன் மேல் ஈர மணலை ஒரு குவியலாகக் கொட்டினார் பாஸ். வில் மாதிரி வெட்டிய பலகை ஒன்றை நடுக்கம்பியில் மாட்டிச் சுற்றியதும் மணல் வழித்துவிட்ட மாதிரி உருண்டையாகியது. அதன் மேல் ஈரப் பேப்பர் ஒட்டினார். பேப்பருக்கு மேல் செங்கல், செங்கல்லுக்கு இடையில் அரித்த புற்றுமண். வட்டம் வட்டமாக ஏறி, கடைசியில் உச்சியில் உள்ளங்கை அளவு ஓட்டை. அதற்கு ஒரு கல்லைச் செதுக்கி, மரச் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டி இறக்கினார். இடுப்பைச் சுற்றிக் கருங்கல்லும் மண்ணுமாக இரண்டு சாண் தடிப்புக்குக் கட்டினார்.

“கூர தட்டையா இருக்கு, அதனால பாரம் சைடுக்குத் தள்ளும். இது பெல்ட் மாதிரி பிடிச்சிக்கும்.”

“அப்ப உள்ள இருக்கிற மணல்?”

“மூணு நாள் போனா வாசல் வழியா வாரி எடுத்துருங்க.”

“எடுத்தா எது தாங்கும்?”

“ஒண்ணும் தாங்காது அய்யே. ஒரு கல்லு மேல ஒரு கல்லு சாயுது, அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே நேரத்துல விழ ஆச. எடம் இல்ல. அதனால நிக்குது.”

இதைச் சொல்லிவிட்டு, எட்டு நாள் காய விட்டு, பிறகு ஐந்து நாள் சின்ன நெருப்பு போட்டு, அதற்குப் பிறகுதான் பாண் என்றும் சொல்லிவிட்டு, அவர் எம்பிலிப்பிட்டியவில் ஒரு வேலைக்கு பஸ் ஏறிவிட்டார். எல்லாரும் விழ ஆசைப்படுவதால் நிற்கிறது என்ற விளக்கத்தோடு நான் தனியாக நின்றேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அரநாயக்கப் பக்கம் மண் சரிந்து மலை இறங்கிய வருடம், மேலே லயத்து வரிசை வீட்டில் இருந்த எங்களையும் இறக்கி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்தார்கள். நாலு நாளும் நான் ஒரு தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அதை விட்டு நகராமல் இருந்தேன். கக்கூசுக்குப் போகும்போது அந்த இடத்தைப் பிடித்துவைக்க இவளை உட்கார்த்திவிட்டுப் போனேன். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் எங்கள் லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை; ஆடு மட்டும் கொடியில் கிடந்த என் சாரத்தைப் பாதி தின்றிருந்தது. பிறகு கீழே ரோட்டோரம் ஏழு பேர்ச் காணியில் வீடு கிடைத்தது. ஆனால் அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு முட்டுக் கொடுக்காமல் எனக்குத் தூக்கம் வராது. குசினிச் சுவருக்கு ஒரு முட்டு. ஆட்டுக் கொட்டகைக்கு மூன்று. காய்க்காத பப்பாசி மரத்துக்கு இரண்டு. புது வீடு, சீமெந்து காயவில்லை, அதற்கும் பின்பக்கம் ஒன்று.

“ஊருல எல்லாத்துக்கும் குடுத்தாச்சு,” என்பாள் அவள். “ஒங்களுக்கு யாருங்க குடுக்குறது?”

நான்காம் நாள், வெள்ளிக்கிழமை, மணலை எடுக்கத் தொடங்கினோம். வாசலுக்கு வெளியே நின்றபடி அகப்பையால் வாரி வாளியில் போட்டேன். அவள் கொண்டுபோய்க் கொட்டினாள். பாதி மணல் போனதும் உள்ளே கூரை தெரிந்தது. பேப்பர் செங்கல்லோடு ஒட்டிக்கொண்டு, மணமகள் தேவை விளம்பரங்கள் தலைக்கு மேலே வரிசையாக நின்றன. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். “படித்த, அழகிய, குடும்பப் பாங்கான. உள்ள ஒரு கல்யாணத் தரகரே இருக்காரு புள்ள.” அவள் சிரித்துக்கொண்டே குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணிக்குப் போனாள்.

கடைசி வாளி மணலை இழுத்தபோது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. ‘டிக்.’

அவ்வளவுதான். பெரிய சத்தமில்லை. பல்லி மாதிரி. ஆனால் எனக்கு அது அந்தப் பள்ளிக்கூட மண்டபத்துத் தூணே முறிந்த மாதிரிக் கேட்டது. அடுத்து என்ன செய்தேன் என்பதில் புத்திக்குப் பங்கு கிடையாது. விறகுக் குவியலில் இருந்து ஒரு பலாக் கட்டையை எடுத்தேன். தலையையும் தோளையும் அந்தப் பதினைந்து அங்குல வாசலுக்குள் நுழைத்து, கட்டையை நடுவில் நிறுத்தினேன். மூன்று விரல் குட்டையாக இருந்தது. வெளியே வந்து, பலகைத் துண்டு ஒன்றை ஆப்பாகச் சீவிக்கொண்டு திரும்ப நுழைந்து, கட்டைக்கும் உச்சிக்கல்லுக்கும் இடையில் வைத்து உள்ளங்கையால் குத்தினேன். இறுகிக்கொண்டது. திரும்பி வரப் பார்த்தால் வயிறு வரவில்லை. உள்ளே போகும்போது பயத்தில் ஒடுங்கியிருந்த வயிறு, நிம்மதியில் பழைய அளவுக்கு வந்துவிட்டிருந்தது.

பின்னால் குடம் வைக்கிற சத்தம்.

“என்னாங்க, காலு மட்டும் வெளிய இருக்கு.”

“தரையக் கூட்டுறேன்,” என்றேன் உள்ளிருந்து.

அவள் என் இரண்டு காலையும் பிடித்து இழுத்து எடுத்தாள். முழங்கை தோல் உரிந்திருந்தது. அவள் அதற்கு எண்ணெய் தடவினாள், ஒன்றும் கேட்கவில்லை. தப்பினேன் என்று நினைத்தேன்.

வெளியே இருந்து பார்த்தால் ஆப்பு தெரியாது. வாசல் ஐந்தாவது வெட்டு, உச்சி எட்டாவது வெட்டு. எவ்வளவு குனிந்தாலும் கட்டையின் இடுப்புக்கு மேல் இருட்டுத்தான். பாஸின் கணக்கு என் ரகசியத்துக்கு நல்ல வசதியாக இருந்தது.

மறுநாள் பெக்டரியில் இருந்து பாஸுக்குப் பேசினேன். சத்தம் கேட்டதைச் சொன்னேன்.

“அது உக்காருது அய்யே. நீங்க உக்காரும்போது முழங்கால் சத்தம் போடுறதில்லயா?”

“இல்ல பாஸ், ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். யாராச்சும், வேற எடத்துல, உள்ளுக்கு ஒரு முட்டு வச்சாங்கன்னு வைங்க.”

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது.

“வைக்க வேண்டாம்னு சொல்லுங்க. மேல இருந்து என்ன பாரம் வந்தாலும் அது தாங்கும். கீழ இருந்து மேல தள்ளினாத்தான் கஷ்டம். ஒரு கல்லு எழும்பிச்சுன்னா மத்தது எல்லாம் எறங்கிரும்.” பிறகு சந்தேகத்தோடு, “வச்சிட்டீங்களா?”

“சீச்சி. வேற ஒரு ஆளு.”

“பய வெண்ட எபான்னு அவருகிட்ட சொல்லுங்க. பயப்பட வேண்டாம்னு.”

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். கட்டையை எடுத்தால் கூரை விழும் என்று என் வயிறு சொன்னது. எடுக்காவிட்டால் கூரை விழும் என்று பாஸ் சொல்லிவிட்டார். இரண்டையும் ஒரே நேரத்தில் நம்பினேன். அதனால் அந்தக் கட்டையைத் தொடவே பயந்து, தூர நின்று கும்பிடத் தொடங்கினேன். புகையறையில் ரப்பர் சீட்டைப் பார்த்தால் கூரை ஞாபகம். சோற்றைக் கவிழ்த்தால் கூரை ஞாபகம். பெக்டரியில் ஒருவன் பின்னால் வந்து தும்மியதற்கு நான் குந்திவிட்டேன்.

அவள் தன் பாட்டில் தயாராகிக்கொண்டிருந்தாள். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பழைய பிள்ளைக் காம்பராவில் கழித்துவிட்ட மேசை ஒன்றை மாவு பிசையத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள். அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை, பிசையும்போது ஆடும். சரி செய்து தருகிறேன் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த நாட்களில் அதன் மேல்தான் பிளேன்டீயை வைத்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து போறணையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு நாள் முடிந்தது. சனிக்கிழமை நெருப்பு வைக்க வேண்டும். நெருப்பு வைத்தால் கட்டை எரியும். கட்டை எரிந்தால்...

சனிக்கிழமை மழை. கடவுளுக்கு நன்றி சொன்னேன். போறணைக்கு மேலே தகரக் கூரை இருக்கிறதே என்று அவள் கேட்டதற்கு, காற்றில் ஈரம் இருக்கிறது என்றேன்.

“நாளைக்கும் வேணாம் புள்ள. ஞாயித்துக்கெழம நெருப்பு வைக்கக்கூடாது.”

“செவ்வாக்கெழமதான ஆகாதும்பாங்க. ஞாயித்துக்கெழமைக்கு என்னா வந்துச்சு?”

“புதுப் போறணைக்கு ஞாயித்துக்கெழமயும் ஆகாது.”

“எந்தச் சாமி சொல்லுச்சு?”

“பொதுவா சொல்லுவாங்க.”

திங்கட்கிழமை எனக்கு வயிற்று வலி. செவ்வாய்க்கிழமை உண்மையிலேயே ஆகாத நாள் என்பதால் கொஞ்சம் தலை நிமிர்ந்து நடந்தேன். அன்றைக்குச் சந்தியில் நானா பிடித்துக்கொண்டார்.

“என்ன மச்சான், இன்னம் பொக ஒண்டும் வாரல்லயே. டவுன்காரன்ட மறுபடியும் கேக்கட்டா? இப்ப சொன்னா அவனுக்கும் லேசு.”

“வேணாம் நானா. நாளைக்குப் பத்த வைக்கிறோம்.”

“ஒண்ட மனிசி நேத்தும் வந்து அலுமாரித் தட்டத் தொடச்சிட்டுப் போறா. அதான் கேட்டன். வெறுந்தட்டப் பாக்க எனக்கும் ஒரு மாதிரி ஈக்கிது.”

அவள் அலுமாரித் தட்டைத் துடைத்தது எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் என் பகிடி எல்லாம் வற்றிப்போனது. ஐந்து நாள் நெருப்பு வேண்டும். நாளை புதன்கிழமை தொடங்கினால்தான் திங்கட்கிழமைக்குப் பாண். ஒரு நாள் கூட இனி ஒளித்துவைக்க முடியாது.

நேரே பெக்டரிக்குப் போய்ப் பழைய இரும்புக் குவியலில் ஒரு குழாயைப் பொறுக்கினேன். திட்டம் இதுதான்: புதன்கிழமை வேலை முடிந்து வந்து, கட்டைக்குப் பக்கத்தில் குழாயை நிறுத்தி, பிறகு கட்டையை மெல்ல உருவுவது. இரும்பு எரியாது. போறணையின் நட்ட நடுவில் ஒரு குழாய் நின்றால் பாணை எப்படித் தள்ளுவது? சுற்றிவளைத்துத் தள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். குழாயோடு வந்தவனை அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

“இது எதுக்குங்க?”

“துணி காயப் போட.”

புதன்கிழமை காலை பத்து மணிக்கே, மனம் கேட்காமல் பாதி வேலையில் சொல்லிக்கொண்டு, பெக்டரியில் இருந்து இறங்கி வருகிறேன். வளைவில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நீலமாக, மெல்லிசாக, நேராக ஒரு புகை ஏறிக்கொண்டிருந்தது. புகையறைக்காரன் கண்ணுக்கு அது நல்ல புகை. அதை ரசிக்க எனக்கு நேரமில்லை. செருப்பு ஒன்று ரோட்டிலேயே நின்றுவிட்டது. இரும்புக் குழாய் இரண்டு மரங்களுக்கு நடுவில் கிடையாகக் கட்டப்பட்டு, அதில் என் சாரம் காய்ந்துகொண்டிருந்தது. அவள் போறணை வாசலுக்கு நேரே நின்று, சுள்ளி தள்ளிக்கொண்டிருந்தாள். உள்ளே நெருப்பு. நெருப்புக்கு நடுவில், பக்கமாகப் படுத்துக்கொண்டு, என் கட்டை எரிந்துகொண்டிருந்தது.

அவளைத் தோளைப் பிடித்து இழுத்து அந்தப் பக்கம் தள்ளினேன். மாவு வாளி கவிழ்ந்தது. பிறகு நான் செய்த காரியம் இதுதான்: போறணையின் மேல் வெளிப்பக்கமாகப் பாய்ந்து, இரண்டு கையையும் விரித்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே விழப் போகிற கூரையை வெளியே இருந்து பிடிக்க முடியாது என்பது எந்த ஆட்டுக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒன்றும் விழவில்லை. கன்னத்துக்குக் கீழே மண் குளிர்ந்து இருந்தது.

“ஏங்க,” என்றாள் அவள், மண்ணில் உட்கார்ந்தபடியே. “என்னாங்க இது?”

“எந்திரிச்சித் தள்ளிப் போ. கட்ட எரியுது.”

“எரியட்டும். அதுக்குத்தான போட்டேன்.”

“அதுதான் புள்ள தாங்கிக்கிட்டு இருந்துச்சு.”

அவள் எழுந்து பக்கத்தில் வந்து, என் முதுகில் கையை வைத்தாள். தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் நான் தூணை விடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

“எறங்குங்க மொதல்ல. சொல்லுறேன்.”

இறங்கினேன். அவள் வாசலைக் காட்டினாள். குனிந்து பார்த்தேன். நெருப்பு வெளிச்சத்தில் கூரையின் ஓரம் தெரிந்தது. மணமகள் தேவை பேப்பர் சுருண்டு சுருண்டு எரிந்து போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் செங்கல் வரிசை வரிசையாக, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு அப்படியே இருந்தது.

“கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து நீங்க ஒருநாளும் தரையக் கூட்டினதில்ல,” என்றாள். “அன்னைக்கே நெனச்சேன்.”

“நெனச்சு?”

“மறுநா நீங்க வேலைக்குப் போனதும் கையவிட்டுப் பாத்தேன். நடுவுல கட்ட நிக்குது. ஆப்பு வேற. ஆட்டி ஆட்டி எடுத்துட்டேன்.”

“விழுந்திருந்தா?”

“விழலயே. நல்லாக் கூட்டித் தொடச்சேன். ரெண்டு நாள் உள்ள மல்லி காயப் போட்டேன்.”

“பொய் சொல்லாத. நான் தெனம் பாத்தேன். கட்ட நின்னுச்சு.”

“நீங்க வர்ற நேரத்துக்குத் திரும்ப நிப்பாட்டிருவேன்.” சுள்ளி ஒன்றை எடுத்து நெருப்புக்குள் தள்ளினாள். “இல்லாட்டி நீங்க தூங்க மாட்டீங்க.”

எதையாவது கேட்க வேண்டும் என்பதற்காக, “ஆப்பு எங்க?” என்றேன்.

அவள் தாடையால் மாவு மேசையைக் காட்டினாள். குட்டைக் காலுக்கு அடியில் நான் சீவின பலகைத் துண்டு அளவாக உட்கார்ந்திருந்தது. அந்த மேசையில்தான் தினமும் பிளேன்டீயை வைத்துக்கொண்டு, கூரை விழுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து நாளும் நெருப்பை நான் பார்த்துக்கொண்டேன். சின்ன நெருப்பை அணையாமலும் எழும்பாமலும் வைத்திருப்பது எனக்குத் தெரிந்த ஒரே வேலை. திங்கட்கிழமை விடிய அவள் மாவுப் பொடியைத் தரையில் தூவிச் சூடு பார்த்து, துடுப்பால் முதல் பாணை உள்ளே தள்ளினாள். முழங்கை மடங்கிய இடத்தில் வாசல் இருந்தது. ஆறரை மணிக்கு நானாவின் மேல் தட்டு நிறைந்தது. எட்டு மணிக்கு நானா வெறும் தட்டைக் காட்டி, நாளைக்கு இன்னும் பத்து வேண்டும் என்றார்.

போறணை நிற்கிறது. அந்தப் பன்னிரண்டு நாட்களில் கட்டை கூரையைத் தொட்டது ஒரே ஒரு நாள், மற்ற நாளெல்லாம் அது மூன்று விரல் குட்டையாகத்தான் நின்றது.